டெசராக்ட்டை சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணப் போறீங்களா? லினக்ஸ், மேக், விண்டோஸ் மூணுலயும் பட்டது

டெசராக்ட்ங்குறது படத்துல இருக்குற எழுத்தை டெக்ஸ்ட்டா மாத்துற ஓசிஆர் புரோகிராம். அதை சோர்ஸ்ல இருந்து, அதாவது மூலக் கோடை நாமளே கம்பைல் பண்ணி, இன்ஸ்டால் பண்றது எப்படின்னு தேடினா எங்க பாத்தாலும் அதே அஞ்சு வரி தான் கிடைக்கும். ஆட்டோஜென் ஓட்டு, கான்ஃபிகர் ஓட்டு, மேக் (make கமாண்டு, ஆப்பிள் மேக் இல்ல) அடி, சூடோ போட்டு மேக் இன்ஸ்டால் அடி, கடைசியா எல்டிகான்ஃபிக் அடி, முடிஞ்சுது. அந்த அஞ்சு வரியில தப்பு எதுவும் இல்ல. ஆனா அதை எழுதினவரோட மெஷின்ல ஏற்கனவே எல்லாம் இருக்கும், உங்க மெஷின்ல இருக்காது, அங்க தான் ராத்திரி ஒரு மணி ஆகுது.

இதுல நான் பாத்த வரைக்கும் கம்பைலர் நம்மள பெருசா படுத்தாது. படுத்துறது எல்லாம் தேடல் தான். ஹெட்டர் ஃபைல் எங்கன்னு கம்பைலர் தேடும், லைப்ரரி எங்கன்னு லிங்கர் தேடும், புரோகிராம் ஓடும்போது லோடர் தனியா ஒரு தடவை தேடும், எல்லாம் கிடைச்சு ஓட ஆரம்பிச்ச பிறகு தமிழ் டேட்டா எங்கன்னு டெசராக்ட்டே தேடும். நாலு தேடலும் நாலு வேற வேற இடத்துல நடக்கும், ஒண்ணு கண்டுபிடிச்சது இன்னொண்ணுக்கு தெரியாது. எர்ரர் வந்தா முதல்ல கேக்க வேண்டியது "எந்தத் தேடல் இது"ங்குறது மட்டும் தான். அது தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. கீழ எழுதியிருக்கிறது முழுக்க இதையே லினக்ஸ், மேக், விண்டோஸ்ல பாத்த கதை.

முதல்ல, எதுக்கு சோர்ஸ்? நாங்க சில பேர் சேந்து பழைய தமிழ் புத்தகங்கள ஸ்கேன் பண்ணி ஓசிஆர் எடுத்துட்டு இருக்கோம், காப்புரிமை முடிஞ்ச புத்தகங்க மட்டும். ஒருத்தர் உபுண்டு, ஒருத்தர் மேக், ஒருத்தன் விண்டோஸ், இது போக ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு பழைய சர்வர்ல ஒரு அக்கவுண்ட். ஒரே பக்கத்தை மூணு மெஷின்ல ஓட்டினா மூணு விதமா ரிசல்ட் வந்துச்சு, பாத்தா உபுண்டு 22.04 ல பேக்கேஜா வர்றது 4.1.1, மேக்ல 5, விண்டோஸ்ல எப்பவோ யாரோ போட்ட இன்ஸ்டாலர். டெசராக்ட் 5 ல கணக்கு போடுற விதமே மாறிடுச்சு, டபுளுக்கு பதிலா சிங்கிள் ஃப்ளோட், அதனால வேகமாச்சு. பிழை திருத்துற ஆளுக்கு ஒரே மாதிரி பிழை வந்தா தான் கை பழகும், அதனால எல்லாருக்கும் ஒரே வெர்ஷன், 5.3.4 டேக் (அந்த வெர்ஷனுக்கு கிட்ல வச்ச பேர்), ஒரே டேட்டா ஃபைல்னு முடிவு பண்ணோம்.

இன்னொரு காரணம் பழைய எழுத்து. 1978 ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிறதுக்கு முன்னாடி அச்சான புத்தகங்கள்ல ணா, றா, னா எல்லாம் சுழிச்சு வரும், ணை, லை, ளை, னை எல்லாம் மேல தும்பிக்கை வச்சு வரும், ஒகர ஓகாரத்துல வர்றதையும் சேத்தா மொத்தம் 13 எழுத்து. ரெடிமேட் தமிழ் மாடலுக்கு இதுங்க எல்லாம் தகராறு, தும்பிக்கை ணை வந்தா கூசாம வேற எழுத்து போட்டுடும். அதுக்கு மாடலை நாமளே மேற்கொண்டு ட்ரெயின் பண்ணணும், ட்ரெயினிங் டூல்ஸும் அதே வெர்ஷன்ல வேணும். இல்லாட்டி யாருக்கும் சோர்ஸ் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்ல, பேக்கேஜ் இருந்தா பேக்கேஜ் போட்டுட்டு நிம்மதியா இருங்க.

டெசராக்ட் சின்னப் பையன் இல்லங்குறதையும் ஞாபகம் வச்சுக்கணும். 1985 ல ஹெச்பி ஆரம்பிச்சது, 2005 ல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு, 2006 ல இருந்து பல வருஷம் கூகுள் பாத்துக்கிச்சு, 4.0 ல தான் எல்எஸ்டிஎம்ங்குற நியூரல் நெட்வொர்க் வந்துச்சு. இவ்வளவு வயசான கோடுக்கு பில்ட் பண்ற வழியும் ரெண்டு இருக்கு, ஆட்டோடூல்ஸ் ஒண்ணு, சிமேக் ஒண்ணு. லினக்ஸ், மேக்ல ஆட்டோடூல்ஸ், விண்டோஸ்ல சிமேக்னு வச்சுக்கிட்டா குழப்பம் கம்மி. கிட்ல (git) இருந்து குளோன் பண்ணதும் மெயின் பிராஞ்ச்லயே உக்காந்து மேக் அடிக்காதீங்க, தேவையான டேக்குக்கு செக்அவுட் பண்ணிட்டு ஆரம்பிங்க. இல்லன்னா இன்னைக்கு நீங்க கம்பைல் பண்ணதும் அடுத்த வாரம் உங்க ஃப்ரெண்டு கம்பைல் பண்ணதும் வேற வேற சாமானா இருக்கும்.

உபுண்டுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இங்க தான் ரொம்ப சைலண்டா ஏமாத்தும்.

டெசராக்ட்டுக்கு படத்தைத் திறக்கத் தெரியாது. பிஎன்ஜி, டிஃப், ஜேபெக் எதுவா இருந்தாலும் லெப்டானிகான்னு இன்னொரு லைப்ரரி தான் திறந்து குடுக்கும். அந்த லெப்டானிகாவுக்கும் நேரடியா தெரியாது, அது லிப்பிஎன்ஜி, லிப்டிஃப் இதுங்கள கேக்கும். இப்போ லெப்டானிகாவையும் சோர்ஸ்ல இருந்து கட்டுறீங்கன்னு வைங்க, சிஸ்டம்ல லிப்பிஎன்ஜியோட டெவ் பேக்கேஜ் (ஹெட்டர் ஃபைல் இருக்குற பேக்கேஜ்) இல்ல. கான்ஃபிகர் நிக்குமா? நிக்காது. "பிஎன்ஜி இருக்கா... நோ"ன்னு நூறு வரிக்கு நடுவுல ஒரு வரி போட்டுட்டு போய்க்கிட்டே இருக்கும். மேக் ஓடும், இன்ஸ்டால் ஆகும், டெசராக்ட்டும் அது மேல ஜம்முனு கம்பைல் ஆகும். கடைசியா ஒரு ஸ்கேன் பக்கத்தை குடுக்கும்போது தான் "ஃபங்ஷன் நாட் பிரசென்ட்"னு லெப்டானிகா ஒரு எர்ரர் துப்பும். இதைப் பாத்துட்டு ஆளுங்க டெசராக்ட்டை திரும்பத் திரும்ப கம்பைல் பண்ணிட்டு இருப்பாங்க, ஓட்டை ரெண்டு மாடி கீழ இருக்கும். படத்துக்கான டெவ் பேக்கேஜ் எல்லாத்தையும் போட்டுட்டு லெப்டானிகாவை மறுபடி கான்ஃபிகர்ல இருந்து கட்டினா தான் தீரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. டெசராக்ட் வெர்ஷன் கமாண்டை அடிச்சா வெறும் 5.3.4 னு மட்டும் சொல்லாது. அடுத்த வரியில லெப்டானிகா 1.82.0 ன்னு வரும், அதுக்குக் கீழ ஜிஃப், ஜேபெக், லிப்பிஎன்ஜி 1.6.37, டிஃப், ஜீலிப், வெப்பின்னு வரிசையா வரும், அதுக்கும் கீழ "ஃபவுண்ட் ஏவிஎக்ஸ் 2", "ஃபவுண்ட் ஓப்பன்எம்பி" இதெல்லாம் வரும். அந்த வரிசையில பிஎன்ஜி பேர் இல்லன்னா உங்க டெசராக்ட்டுக்கு பிஎன்ஜி தெரியாது, அவ்வளவு தான். கம்பைல் முடிஞ்சதும் நான் ஓட்டுற முதல் கமாண்டு இது தான், அப்புறம் தான் மத்தது. ஏவிஎக்ஸ் வரியும் (பிராசசரோட வேகக் கணக்கு வசதி) முக்கியம், அது இல்லாம ஓடினா ஸ்பீடு படுத்துடும், ஏன் இவ்வளவு ஸ்லோன்னு மண்டையப் பிச்சுக்கணும்.

அதே மாதிரி டெசராக்ட்டோட கான்ஃபிகர் முடியும்போது கடைசியில என்ன சொல்லுதுன்னு படிங்க. ட்ரெயினிங் டூல்ஸ் கட்ட முடியும்னா அதுக்கான கமாண்டையும் சேத்து காட்டும், முடியாதுன்னா டிபெண்டன்சி மிஸ்ஸிங், அதனால ட்ரெயினிங் டூல்ஸ் பில்ட் பண்ண முடியாதுன்னு ஒரு வரி. எர்ரர் கலர்ல எல்லாம் வராது, சாதுவா வரும். ஐசியு (யூனிகோட்), பேங்கோ (எழுத்தை அடுக்க), கைரோ (படமா வரைய) மூணு லைப்ரரியோட டெவ் பேக்கேஜும் இருந்தா தான் ட்ரெயினிங். சும்மா மேக் அடிச்சா ட்ரெயினிங் டூல்ஸ் வராது, மேக் ட்ரெயினிங், மேக் ட்ரெயினிங்-இன்ஸ்டால்னு தனியா அடிக்கணும், இதுவும் பல பேர் விட்டுடுற இடம்.

ரெண்டு லெப்டானிகா இருக்குற கதை இன்னும் மோசம். வேற ஏதோ பேக்கேஜ் போடும்போது உபுண்டுவோட பேக்கேஜ் மேனேஜர் ஆப்ட் தானா ஒரு லெப்டானிகாவை கொண்டாந்து சிஸ்டம் லிப் ஃபோல்டர்ல வச்சிருக்கும், நீங்க சோர்ஸ்ல கட்டினது /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் உள்ள இருக்கும். கம்பைலர் புதுசோட ஹெட்டரை பாத்து கட்டும், ஓடும்போது லோடர் பழசை எடுக்கும். எங்க உபுண்டு மெஷின்ல இப்படித் தான் ஒரு பக்கம் ஓடும், அடுத்த பக்கம் செக்மென்டேஷன் ஃபால்ட். எந்த லைப்ரரியை எங்க இருந்து எடுக்குதுன்னு காட்டுற எல்டிடி கமாண்டை டெசராக்ட் பைனரி மேல ஓட்டி லெப்டானிகா வரியை மட்டும் பாத்தேன், அம்புக்குறிக்கு வலது பக்கம் சிஸ்டம் ஃபோல்டர் பாத் இருந்துச்சு, லோக்கல் பாத் இல்ல. ஆப்ட் கொண்டாந்த டெவ் பேக்கேஜை தூக்கிட்டு, எல்டிகான்ஃபிக் ஓட்டி, டெசராக்ட் பில்ட் ஃபோல்டரை காலி பண்ணிட்டு மறுபடி கான்ஃபிகர்ல இருந்து ஆரம்பிச்சதும் சரியாச்சு. கான்ஃபிகரை மறுபடி ஓட்டாம விட்டா மேக் பழைய பதிலையே வச்சுக்கிட்டு சாதிக்கும், சிமேக்கும் ஒரு தடவை கண்டுபிடிச்ச லைப்ரரி பாத்தை கேஷ் ஃபைல்ல வச்சுக்கும், அதை அழிக்காம விட்டா பழைய பாத்தையே எடுக்கும். 1.83 ல இருந்து லைப்ரரி பேரே லிப்லெப்ட்ல இருந்து லிப்லெப்டானிகான்னு மாறிடுச்சு, அதனால ரெண்டும் பக்கத்துல பக்கத்துல சண்டை போடாம உக்காந்திருக்கும், கண்ணுக்கு மாட்டாது. அதே 1.83 ல பிக்ஸ் ஸ்ட்ரக்ச்சரோட உள்விவரத்தை பப்ளிக் ஹெட்டர்ல இருந்து எடுத்துட்டாங்க, லெப்டானிகாவை நேரா தொடுற பழைய புரோகிராம் எதையாவது கட்டினா "இன்கம்ப்ளீட் டைப்"னு கத்தும். அந்த எர்ரருக்கு உங்க கம்பைலர் காரணம் இல்ல.

இன்ஸ்டால் ஆனதும் "லிப்டெசராக்ட் டாட் எஸ்ஓ டாட் 5 ஐ திறக்க முடியல, அப்படி ஒரு ஃபைலே இல்ல"ன்னு வந்தா அது மூணாவது தேடல், லோடர் தேடுறது. ஃபைல் இருக்கும், லோடரோட லிஸ்ட்ல இருக்காது. உபுண்டுல எல்டிகான்ஃபிக் ஓட்டினா போதும், ஏன்னா லோக்கல் லிப் ஃபோல்டர் ஏற்கனவே அதோட லிஸ்ட்ல இருக்கு. சென்ட்ஓஎஸ், ரெட் ஹேட் பக்கம் அந்த ஃபோல்டர் லிஸ்ட்லயே கிடையாது, எத்தனை தடவை எல்டிகான்ஃபிக் ஓட்டினாலும் பிரயோஜனம் இல்ல, /etc/ld.so.conf.d ஃபோல்டர்ல ஒரு ஃபைல் போட்டு அந்த பாத்தை எழுதிட்டு ஓட்டணும். உபுண்டு ஆளு எழுதின அஞ்சு வரியை சென்ட்ஓஎஸ்ல அடிச்சா வர்ற வம்பு இது தான்.

அந்த பழைய சர்வர் சென்ட்ஓஎஸ் 7. அதுல கம்பைலர் ஜிசிசி 4.8.5. டெசராக்ட் 5 க்கு சி++ 17 வேணும், கான்ஃபிகர்லயே "உங்க கம்பைலருக்கு சி++ 17 சப்போர்ட் இல்ல, மேற்கொண்டு போக முடியாது"ன்னு நேர்மையா நின்னுடும். இந்த மாதிரி சத்தமா நிக்கிற எர்ரர் எல்லாம் புண்ணியவான். புது கம்பைலர் தர்ற டெவ்டூல்செட்ங்குற பேக்கேஜ்ல புது ஜிசிசி அங்க ஏற்கனவே இருந்துச்சு, அதை எனேபிள் பண்ணிக்கிட்டோம். ரூட் பர்மிஷன் கிடையாது, அதனால ப்ரிஃபிக்ஸ் ஆப்ஷன்ல ஹோம் ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபோல்டரை குடுத்து முதல்ல லெப்டானிகா, அப்புறம் டெசராக்ட். நடுவுல, லைப்ரரி எங்கன்னு கான்ஃபிகருக்கு சொல்ற பிகேஜி கான்ஃபிக் பாத்ங்குற வேரியபிளை அந்த ஃபோல்டருக்குள்ள இருக்குற பிகேஜிகான்ஃபிக் ஃபோல்டருக்கு செட் பண்ணலைன்னா, இப்பத் தான் கட்டி முடிச்ச லெப்டானிகாவையே பாக்காம "லெப்டானிகா 1.74 க்கு மேல வேணும்"னு கேக்கும். ஓடுறதுக்கு எல்டி லைப்ரரி பாத் வேரியபிளை பேஷ்ஆர்சில போடலாம், ஆனா எனக்கு அது பிடிக்காது, அந்த ஷெல்லுல ஓடுற மத்த புரோகிராமும் அதையே பொறுக்கிட்டு வந்து வேற எங்கயோ வெடிக்கும். லிங்க் பண்ணும்போதே ஆர்பாத் குடுத்து பைனரிக்குள்ளயே பாத்தை எழுதிட்டா சுத்தம்.

ராஸ்பெர்ரி பைல ஒரே ஒரு விஷயம் தான். make கமாண்டுக்கு ஜே 4 (ஒரே நேரத்துல நாலு கம்பைல்) குடுத்தா 1 ஜிபி ரேம் உள்ள போர்டுல கம்பைலர் பாதியில செத்துடும், "கில்ட் சிக்னல்"னு வரும், எந்த ஃபைல்ல எர்ரர்னு தேடாதீங்க, எர்ரரே இல்ல, ரேம் பத்தல. டிமெசேஜ் கமாண்டுல பாத்தா கெர்னல் தான் கொன்னதுன்னு எழுதியிருக்கும். ஜே 1 போட்டு விட்டுட்டு தூங்கிடுங்க.

அடுத்தது மேக். இங்க இன்டர்நெட்ல இருக்குற பாதி கட்டுரை இன்டெல் மேக் காலத்துது, அது தான் பெரிய தொல்லை. இன்டெல் மேக்ல ஹோம்ப்ரூங்குற பேக்கேஜ் மேனேஜர் எல்லாத்தையும் /யூஎஸ்ஆர்/லோக்கல் உள்ள போடும், ஆப்பிளோட கம்பைலர் அந்த இடத்தை தானாவே தேடும், அதனால யாரும் பாத் எதையும் சொல்லாமலே எல்லாம் ஓடிடுச்சு. 2020 கடைசியில எம்1 வந்ததும் ஹோம்ப்ரூ /ஆப்ட்/ஹோம்ப்ரூவுக்கு குடி போயிடுச்சு, கம்பைலருக்கு அந்த அட்ரஸ் தெரியாது. ப்ரூ லிஸ்ட்ல லெப்டானிகா இருக்குன்னு காட்டும், கான்ஃபிகர் இல்லைன்னு சொல்லும், ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. பிகேஜி கான்ஃபிக் இன்ஸ்டால் பண்ணியிருந்தா லெப்டானிகா கிடைச்சுடும், ஆனா ஐசியுவை ஹோம்ப்ரூ வேணும்னே ஒளிச்சு வைக்கும், ஆப்பிள் சிஸ்டத்துக்குள்ள ஏற்கனவே ஒரு ஐசியு இருக்கு, அதோட இடிக்கக் கூடாதுன்னு. ட்ரெயினிங் டூல்ஸ் வேணும்னா ஐசியுவோட பிகேஜிகான்ஃபிக் ஃபோல்டரை கையால காட்டணும், ப்ரூ இன்ஃபோ அடிச்சா அந்த வரியை அதுவே எழுதிக் குடுக்கும், காப்பி பேஸ்ட் பண்ணிக்கலாம்.

மேக்ல லிப்டூல்னு ஒரு கமாண்டு இருக்கு, அது ஆப்பிளோடது, நமக்கு வேண்டிய குனு லிப்டூல் இல்ல. ஹோம்ப்ரூ குனுவோடதை முன்னாடி ஒரு ஜி சேத்து ஜிலிப்டூல்னு போடும். ஆட்டோஜென் ஸ்கிரிப்ட் இதை தெரிஞ்சு வச்சிருக்கு, ஆனா ஹோம்ப்ரூல லிப்டூலே போடலைன்னா அங்கயே நிக்கும். எத்தனை கோர்னு கேக்குற என்ப்ராக் கமாண்டை மேக்ல நம்ப முடியாது, சிஸ்கண்ட்ரோல்ல கேட்டுக்கணும். சின்னச் சின்ன விஷயம் தான், காப்பி பண்ண ஸ்கிரிப்ட் அங்க தான் முறியும்.

இதை விட கடுப்பானது ஒண்ணு இருக்கு. எங்க மேக் நண்பர் பழைய மேக்ல இருந்து மைக்ரேஷன் அசிஸ்டென்ட்ல எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தியிருந்தார், பழைய இன்டெல் ஹோம்ப்ரூவும் கூடவே வந்துடுச்சு. ரெண்டு ஹோம்ப்ரூ, ரெண்டு ஆர்க்கிடெக்சர். லிங்க் ஆகும்போது "ஆர்ம்64 க்கு கட்டுறேன், இந்த ஃபைல் எக்ஸ்86 ஆ இருக்கு, அதனால இக்னோர் பண்றேன்"னு ஒரு வார்னிங், அதுக்குக் கீழ அம்பது வரிக்கு அன்டிஃபைண்ட் சிம்பல்ஸ். எல்லாரும் அந்த அம்பது வரியைத் தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவாங்க, விஷயம் அதுக்கு மேல இருக்குற ஒரு வார்னிங்ல இருக்கு. எர்ரர் லிஸ்ட்டை எப்பவும் மேல இருந்து படிங்க. ஜே 8 போட்டு கட்டும்போது எட்டு வேலையோட அவுட்புட்டும் கலந்து வரும், எந்த எர்ரர் முதல்ல வந்துச்சுன்னே தெரியாது, அப்போ மறுபடி ஜே 1 ல ஓட்டினா நிக்கிற இடத்துல நிக்கும், தெளிவா தெரியும். டீ கமாண்டுல ஒரு லாக் ஃபைலுக்கும் அனுப்பிடுங்க.

மேக்ல இன்னொரு வேடிக்கை, டெசராக்ட்னு இல்ல, பொதுவா பழைய சி++ புராஜெக்ட் எதுலயும் வரலாம். மேக்கோட டிஸ்க்கு டிஃபால்ட்டா பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது. புராஜெக்ட் ஃபோல்டர்ல பெரிய எழுத்துல வெர்ஷன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், உள்ள வெறும் நம்பர் தான். சி++ லைப்ரரியில சின்ன எழுத்துல வெர்ஷன்னு ஒரு ஹெட்டர் இருக்கு. இன்க்ளூட் பாத்ல புராஜெக்ட் ஃபோல்டர் இருந்தா கம்பைலர் ஹெட்டர்னு நினைச்சு அந்த டெக்ஸ்ட் ஃபைலை திறந்து படிக்கும், "5.3.4" ங்குற சி++ கோடு என்னன்னு புரியாம கதறும். முதல் தேடல் தப்பான இடத்துல ஜெயிச்சா இப்படித் தான் இருக்கும்.

விண்டோஸ். ஸ்கேன் எடுக்குறவன் வச்சிருக்கிறது விண்டோஸ், அதனால தப்பிக்க முடியல. இங்க முதல் முடிவு விஷுவல் ஸ்டூடியோ கம்பைலரா, விண்டோஸுக்கான ஜிசிசியான மிங்டபிள்யூவாங்குறது. எது வேணாலும் எடுங்க, ஆனா ஒண்ணுல கட்டின சி++ லைப்ரரியை இன்னொண்ணுல லிங்க் பண்ணலாம்னு கனவுல கூட நினைக்காதீங்க, பேரை உள்ளுக்குள்ள எழுதி வைக்கிற விதமே ரெண்டுக்கும் வேற. கலந்தே ஆகணும்னா டெசராக்ட்டோட சி ஏபிஐ வழியா போகலாம், அது தான் பாதுகாப்பு.

நாங்க எடுத்தது விஷுவல் ஸ்டூடியோவும், மைக்ரோசாஃப்ட்டோட பேக்கேஜ் மேனேஜர் விசிபிகேஜியும். விசிபிகேஜில டெசராக்ட்னு ஒரு கமாண்டு அடிச்சா லெப்டானிகால இருந்து ஜீலிப் வரைக்கும் எல்லாத்தையும் அதுவே சோர்ஸ் இறக்கி வரிசையா கட்டும், ட்ரெயினிங் டூல்ஸ் ஃபீச்சரையும் சேத்து கேட்டா ஐசியு, பேங்கோ, கைரோன்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகும். டிஃபால்ட்டா டிபக் ஒரு தடவை, ரிலீஸ் ஒரு தடவைன்னு எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா கட்டும், அதனால டைமும் டிஸ்க்கும் ரெண்டு மடங்கு. முடிஞ்சதும் பில்ட்ட்ரீஸ் ஃபோல்டரை தைரியமா அழிக்கலாம். விசிபிகேஜியை டெஸ்க்டாப்ல ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா வைக்காம சி டிரைவ் ரூட்லயே வைங்க, விண்டோஸோட 260 எழுத்து பாத் லிமிட் ஐசியு மாதிரி ஆழமான ஃபோல்டர்கள்ல டக்குன்னு முட்டும்.

இதுல தமிழாளுக்குன்னே ஒரு கண்ணி இருக்கு. விண்டோஸ்ல யூசர் பேரை தமிழ்ல வச்சிருந்தா ஹோம் ஃபோல்டர் பேரும் தமிழ்ல தான் இருக்கும். பழைய முறையில ஃபைல் திறக்குற சி புரோகிராம் எல்லாம் பாத்தை சிஸ்டம் கோட்பேஜ் (பழைய எழுத்து அட்டவணை) வழியா பாக்கும், தமிழுக்குன்னு அப்படி ஒரு கோட்பேஜே விண்டோஸ்ல கிடையாது, யூனிகோட் மட்டும் தான். பிரெஞ்சுக்காரருக்கு ஓடுறது, ஜப்பான்காரருக்கு ஓடுறது நமக்கு மட்டும் வெறும் கேள்விக்குறியா போயிடும். பில்ட் ஃபோல்டர், ஸ்கேன் ஃபோல்டர், டேட்டா ஃபோல்டர் மூணையும் தமிழும் ஸ்பேஸும் இல்லாத சின்ன பாத்ல வச்சுட்டா இந்தத் தலைவலி இல்ல. ஃபைல் பேரை தமிழ்ல வைக்கணும்ங்குற ஆசை எனக்கும் உண்டு, ஓசிஆர் முடிஞ்ச பிறகு மாத்திக்கிறோம்.

பில்ட் முடிஞ்ச அன்னைக்கு விண்டோஸ்காரன் போன் பண்ணான். "மச்சான், சக்சீடட்னு வருதுடா, ஆனா ஓட்டினா லெப்டானிகா டிஎல்எல் இல்லங்குது."

"எக்ஸ்ஈ எந்த ஃபோல்டர்ல இருக்கு?"

"அதை மட்டும் தூக்கி ஸ்கேன் ஃபோல்டர்ல போட்டேன்."

விண்டோஸ்ல ஆர்பாத் மாதிரி எதுவும் கிடையாது, எக்ஸ்ஈ இருக்குற ஃபோல்டர்ல தான் முதல்ல தேடும், அப்புறம் சிஸ்டம் ஃபோல்டர்கள், கடைசியா பாத் வேரியபிள்ல இருக்குறது. எக்ஸ்ஈயை மட்டும் தனியா தூக்கிட்டு போனா கூட வந்த டிஎல்எல் எல்லாம் அங்கயே நிக்கும். முழு பின் (bin) ஃபோல்டரையும் அப்படியே வச்சு அதை பாத்ல சேக்கச் சொன்னேன், ஓடிடுச்சு. பைத்தான்ல இருந்து கூப்பிடுற ஆளுங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, பைத்தான் 3.8 ல இருந்து எக்ஸ்டென்ஷன் மாட்யூலுக்கு வேண்டிய டிஎல்எல்லை பாத் வேரியபிள்ல தேடுறதை நிறுத்திட்டாங்க, ஃபோல்டரை கோடுல வெளிப்படையா சேக்கணும். கமாண்டு லைன்ல ஓடுது, பைத்தான்ல "டிஎல்எல் லோட் ஃபெயில்ட்"னு வருதுன்னா அநேகமா இது தான்.

டிபக், ரிலீஸ் கலக்குறதும் விண்டோஸ் ஸ்பெஷல். லிங்கர் "இட்டரேட்டர் டிபக் லெவல் பொருந்தல"ன்னு எல்என்கே 2038 குடுத்தா உங்க புரோகிராம் டிபக்ல இருக்கு, லைப்ரரி ரிலீஸ்ல இருக்கு, இல்லன்னா தலைகீழா. சிமேக்குக்கு விசிபிகேஜியோட டூல்செயின் ஃபைலை குடுத்தா அதுவே சரியானதை எடுக்கும், கையால லிப் ஃபைல் பேரை எழுதினா தான் இந்த வம்பு.

தமிழ் அவுட்புட்டை பவர்ஷெல்ல > குறியீடு போட்டு ஃபைலுக்கு திருப்பாதீங்க, விண்டோஸ் கூட வர்ற 5.1 அதை யூடிஎஃப் 16 ல எழுதும், எழுதுறதுக்கு முன்னாடி கன்சோல் கோட்பேஜ்ல குதறியும் விட்டுடும். டெசராக்ட்டுக்கே அவுட்புட் ஃபைல் பேரை குடுத்துட்டா அது நேரா யூடிஎஃப் 8 ல எழுதிடும், பவர்ஷெல் நடுவுல வராது. டபிள்யூஎஸ்எல்ல (விண்டோஸுக்குள்ள ஓடுற லினக்ஸ்) கம்பைல் பண்றவங்க சோர்ஸை விண்டோஸ் கிட்ல குளோன் பண்ணிட்டு அந்த ஃபோல்டரை லினக்ஸ் பக்கத்துல இருந்து கட்டாதீங்க, லைன் எண்டிங் மாறி ஆட்டோஜென் ஸ்கிரிப்டே "பேட் இன்டர்ப்ரிட்டர்"னு ஓடாது. டபிள்யூஎஸ்எல் உள்ளயே குளோன் பண்ணுங்க.

நாலாவது தேடல் எல்லா ஓஎஸ்லயும் ஒண்ணு தான். சோர்ஸ்ல கம்பைல் பண்ணா தமிழ் டேட்டா கூட வராது, இங்கிலீஷே வராது. தனியா இறக்கணும், அதுலயும் மூணு வகை, சாதாரணம், பெஸ்ட், ஃபாஸ்ட். ஓட்டுறதுக்கு ஃபாஸ்ட் போதும். மேற்கொண்டு ட்ரெயின் பண்ணணும்னா பெஸ்ட் மட்டும் தான், ஃபாஸ்ட்ல இருக்குறது இன்டீஜர் மாடல், அதை வச்சு ட்ரெயினிங்கை தொடர முடியாதுன்னு டூலே சொல்லிடும். இறக்கினதும் ஃபைல் சைஸை ஒரு தடவை பாருங்க, ரைட் கிளிக் பண்ணி சேவ் பண்ணா டேட்டாவுக்கு பதிலா வெப் பேஜ் சேவ் ஆகுறது சகஜம்.

டெஸ்டேட்டா ப்ரிஃபிக்ஸ்ங்குற வேரியபிள்ல ஒரு குழப்பம் இருக்கு. 3 வெர்ஷன்ல டெஸ்டேட்டா ஃபோல்டருக்கு ஒரு படி மேல இருக்குற ஃபோல்டரை குடுக்கணும், 4 ல இருந்து டெஸ்டேட்டா ஃபோல்டரையே குடுக்கணும். பழைய கட்டுரையை பாத்து செட் பண்ணா "எந்த மொழியையும் லோட் பண்ண முடியல"ன்னு வரும். வேற ஃபோல்டர்ல தமிழ் ஃபைலை மட்டும் போட்டு அங்க காட்டினாலும் பாதி தான் ஓடும், டெக்ஸ்ட் வரும், ஆனா ஹெச்ஓசிஆர் (எழுத்து இருக்குற இடத்தோட வர்ற ஹெச்டிஎம்எல்), பிடிஎஃப் கேட்டா கான்ஃபிக் ஃபைலை திறக்க முடியலன்னு சொல்லும். ஏன்னா கான்ஃபிக்ஸ் ஃபோல்டரும் பிடிஎஃப்புக்கு வேண்டிய ஃபான்ட் ஃபைலும் மேக் இன்ஸ்டால் வச்ச இடத்துல தான் இருக்கு. அதுங்களையும் கூட காப்பி பண்ணிடுங்க.

கட்டி முடிச்ச பிறகு பில்ட் ஃபோல்டரை அழிக்காதீங்க, மேக் அன்இன்ஸ்டால் அங்க இருந்து தான் ஓடும். அழிச்சுட்டா எந்தெந்த ஃபைலை எங்கெங்க போட்டுச்சுன்னு கையால தேடணும். மேக்ல ப்ரூ அப்கிரேட் அடிக்கும்போதும் ஜாக்கிரதை, ஐசியு ஒரு வெர்ஷன் மேல போனா உங்க ட்ரெயினிங் டூல்ஸ் பழைய நம்பர் போட்ட லைப்ரரியை தேடிட்டு "லைப்ரரி நாட் லோடட்"னு நிக்கும், மறுபடி கட்ட வேண்டியது தான். எங்க மேக் நண்பர் ஐசியு அப்கிரேட் ஆகாம அந்த ஃபார்முலாவை (ஹோம்ப்ரூ பேக்கேஜை) பின் பண்ணி வச்சிருக்கார். எது எதை தேடுதுன்னு பாக்க லினக்ஸ்ல எல்டிடி, மேக்ல ஓடூல் எல், விண்டோஸ்ல டம்ப்பின் டிபெண்டன்ட்ஸ், இந்த மூணையும் பழகி வச்சுக்கிட்டா யார்கிட்டயும் கேக்கத் தேவையே இருக்காது.

இப்போ உபுண்டு 24.04 ல பேக்கேஜாவே 5.3.4 வந்துடுச்சு, அதனால அந்த மெஷினை அப்கிரேட் பண்ணிட்டு சோர்ஸ் பில்டை தூக்கிட்டோம். சர்வர்லயும் ராஸ்பெர்ரி பைலயும் சோர்ஸ் தான் ஓடுது. விண்டோஸ்ல விசிபிகேஜி ஃபோல்டரை ஜிப் பண்ணி வச்சிருக்கோம், புதுசா யாராவது சேந்தா அதை அப்படியே சி டிரைவ்ல விரிச்சுக்கச் சொல்றோம். தும்பிக்கை ணைக்கு ட்ரெயினிங் ஓடிட்டு இருக்கு, லை பரவால்ல, னை தான் இன்னும் அடம் பிடிக்குது.